பைன் ரிட்ஜில் ஒரு பள்ளி ஆண்டு: லகோட்டா மக்களிடையே தன்னார்வலராகப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், நெப்ராஸ்கா எல்லையை ஒட்டி இருக்கிறது பைன் ரிட்ஜ். ஓக்லாலா லகோட்டா என்னும் அமெரிக்கப் பழங்குடி மக்களின் ஒதுக்கீட்டு நிலம் இது. இங்கே கத்தோலிக்க இயேசு சபையினர் 1888-இல் 'ஹோலி ரோசரி மிஷன்' என்று ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். 1969-இல் அது ரெட் கிளவுட் என்ற லகோட்டா தலைவரின் பெயரில் ரெட் கிளவுட் இந்தியப் பள்ளி ஆனது. இப்போது அந்தத் தலைவரின் லகோட்டா பெயரிலேயே மஹ்பியா லூட்டா என்று வழங்குகிறது. கிழக்கே ரோஸ்பட் ஒதுக்கீட்டு நிலத்தில், செயின்ட் பிரான்சிஸ் என்ற ஊரிலும் இயேசு சபையின் மிஷன் உண்டு. இந்தக் கட்டுரை பைன் ரிட்ஜை மனத்தில் வைத்து எழுதியது. பெரும்பகுதி ரோஸ்பட்டுக்கும் பொருந்தும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இந்தப் பிள்ளைகள் வெளியூர் ஆசிரியர்கள் வந்து வந்து போவதைப் பார்த்துப் பழகியவர்கள். அதனால் ஆண்டு முழுக்க நிற்பதாக ஒப்புக்கொண்டால் ஆண்டு முழுக்க நில்லுங்கள். அது முடியாது என்று தோன்றினால் கோடையில் ஓரிரு வாரச் சேவைக்குப் போய்விட்டு வாருங்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனவர் திரும்பி வராமல் போனால், ஜனவரியில் வகுப்பு காலியாக நிற்கும். தன்னார்வலரால் பிள்ளைகளுக்கு நேரும் கேடுகளில் இதைவிடப் பெரியது அநேகமாக இல்லை. கீழே சொல்லியிருப்பவை பெரும்பாலும் நீங்கள் தாக்குப்பிடித்து நிற்பதற்கான ஏற்பாடுகள்தான்.

புறப்படும் முன்

அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாதவர்கள் முதலில் விசாவைப் பாருங்கள். 'சம்பளம் வாங்கவில்லையே, தன்னார்வம்தானே' என்று இருந்துவிடக் கூடாது. இருப்பிடம், சாப்பாடு, மாதாந்தர உதவித்தொகை ஆகியவற்றைக் குடிவரவுச் சட்டம் ஊதியமாகவே எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. பள்ளி அலுவலகத்திடமும் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடமும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகு மற்ற வேலைகளைத் தொடங்குங்கள்.

அடுத்தது பின்னணிச் சோதனை. பழங்குடிப் பிள்ளைகளோடு பழகும் பணிகளுக்கு என்றே 1990-இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. கைரேகை பதிய வேண்டும், முன்பு குடியிருந்த இடங்களின் விவரம் தர வேண்டும். பல மாநிலங்களில் மாறி மாறி இருந்தவர்களுக்கு இது வாரக்கணக்கில் இழுக்கும். கத்தோலிக்க மறைமாவட்டங்கள் நடத்தும் சிறார் பாதுகாப்புப் பயிற்சியையும் முடிக்க வேண்டியிருக்கும். பள்ளி ஆகஸ்டில் திறந்துவிடும் என்பதால் வசந்த காலத்திலேயே ஆரம்பிப்பது நல்லது.

மருத்துவக் காப்பீடு இல்லாமல் போகவே போகாதீர்கள். பைன் ரிட்ஜில் இருக்கும் அரசு மருத்துவமனை இந்தியன் ஹெல்த் சர்வீஸ் நடத்துவது. பழங்குடியில் பதிவானவர்களுக்கான இடம் அது. உயிர் போகிற அவசரம் என்றால் பார்ப்பார்கள், வழக்கமான சிகிச்சையை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. பல்வலிக்கும் கண்ணாடிக்கும் நீங்கள் நெப்ராஸ்காவின் கார்டன், சாட்ரன் ஊர்களுக்கோ ராபிட் சிட்டிக்கோதான் போயாக வேண்டும். பல் பரிசோதனையை முடித்துக்கொண்டு, தினசரி மாத்திரை இருந்தால் மூன்று மாதத்துக்குக் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

படித்துவிட்டு வர வேண்டிய வரலாறு

1868-இல் லாரமி கோட்டையில் ஒப்பந்தம் போட்டு, பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதி லகோட்டா மக்களுக்கே என்று அமெரிக்க அரசு எழுதிக்கொடுத்தது. தங்கம் கிடைத்ததும் 1877-இல் அதைப் பிடுங்கிக்கொண்டது. 1980-இல் உச்ச நீதிமன்றம் நூறு மில்லியன் டாலருக்கு மேல் இழப்பீட்டை உறுதிசெய்தது. ஒதுக்கீட்டு நிலங்களில் கொடிய வறுமை இருந்தும், நிலம்தான் வேண்டும் என்று அவர்கள் இன்றுவரை அந்தப் பணத்தைத் தொடவில்லை. 1890 டிசம்பர் 29 அன்று வூண்டட் நீ ஓடைக்கரையில் பெண்களும் குழந்தைகளுமாக லகோட்டா மக்களை ராணுவம் சுட்டுக் கொன்றது. அந்த இடம் பைன் ரிட்ஜிலிருந்து சிறிது நேர கார்ப் பயணத்தில் இருக்கிறது. உங்கள் மாணவர்களில் சிலர் அங்கே இறந்தவர்களின் கொள்ளுப்பேரர்களாக இருக்கலாம்.

பள்ளியின் சொந்த வரலாறும் இதிலிருந்து விலகியது அல்ல. கறுப்பங்கிக் குருக்கள், அதாவது இயேசு சபையினர், வந்து பள்ளி நடத்தட்டும் என்று கேட்டவர் ரெட் கிளவுட் தலைவரே. 1909-இல் இறந்த அவர் பள்ளி வளாகத்துக் குன்றின் மேல் உள்ள கல்லறையில்தான் இருக்கிறார். அதே நேரம் இது உறைவிடப் பள்ளிகளின் காலம். நாடெங்கும் பிள்ளைகளின் தலைமுடியை வெட்டினார்கள், தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். இங்கே உறைவிடம் 1980-இல்தான் மூடப்பட்டது. உண்மையை வெளிக்கொணர்ந்து காயம் ஆற்றும் முயற்சி ஒன்றைப் பள்ளியே தொடங்கியது. 2022-இல், அடையாளமற்ற கல்லறைகள் உண்டா என்று, வளாகத்தின் சில இடங்களைத் தரை ஊடுருவும் ரேடாரால் சோதித்தார்கள். இன்றைய மாணவரின் பாட்டி அந்த உறைவிடத்தில் வளர்ந்தவராக இருக்கக்கூடும். அவருக்குப் பள்ளியின் சிலுவை என்னவெல்லாம் நினைவூட்டும் என்று நமக்குத் தெரியாது. அவராகப் பேசினால் காது கொடுங்கள். தூண்டிக் கேட்காதீர்கள், திருச்சபைக்காக வாதாடவும் வேண்டாம்.

வந்து சேர்வதும் அன்றாடமும்

விமானத்தில் ராபிட் சிட்டிக்கு வர வேண்டும். அங்கிருந்து காரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். நம்பி ஏறப் பேருந்தோ ரயிலோ இல்லை. எனவே சொந்தக் கார், அல்லது உடன் தங்கும் தன்னார்வலர்களோடு பகிர்ந்துகொள்ள ஒரு கார், கட்டாயம். நான்கு சக்கர இயக்கம் இருந்தால் நல்லதுதான். அதைவிட முக்கியம் நல்ல பேட்டரியும் குளிர்கால டயர்களும்.

அமெரிக்க நேர மண்டலங்களில் பைன் ரிட்ஜ் 'மலை நேரத்தில்' ஓடுகிறது, ரோஸ்பட் 'மத்திய நேரத்தில்'. இரண்டுக்கும் இடையில் ஒரு மணி நேரம் வித்தியாசம். விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது எந்த ஊர் நேரம் என்று கேட்டுக்கொள்ளாமல் கிளம்பினால் ஆட்டமே முடிந்திருக்கும். கைபேசி எல்லைக்கருகில் தானாக முன்னும் பின்னும் தாவும், அதை நம்ப வேண்டாம்.

மளிகைக் கடை பைன் ரிட்ஜ் ஊரில் ஒன்று இருக்கிறது, விலை சற்றுக் கூடுதல். மாதம் ஓரிரு முறை சாட்ரனுக்கோ ராபிட் சிட்டிக்கோ போய் அரிசி, எண்ணெய், மாவு எல்லாம் மொத்தமாக வாங்கி வருவதுதான் வழக்கம். பருப்பு, புளி, மிளகாய்த்தூள் வேண்டும் என்றால் கொண்டு வாருங்கள் அல்லது அஞ்சலில் வரவழையுங்கள். அஞ்சல் பெரும்பாலும் அஞ்சலகப் பெட்டிக்குத்தான் வரும், வீட்டு வாசலுக்கு வராது.

மது இங்கே சட்டவிரோதம். காரின் பின்புறத்தில் மூடிய பாட்டில் இருந்தாலும் குற்றம்தான். எல்லைக்கு அப்பால் வைட்கிளே என்ற சிற்றூரின் பீர் கடைகள் பல பத்தாண்டுகளாக இந்த மக்களைச் சீரழித்து, நெடும் போராட்டத்துக்குப் பிறகு 2017-இல் மூடப்பட்டன. வார இறுதியில் வெளியூரில் குடித்தாலும் அந்த வாடையோடு திங்கட்கிழமை வகுப்பில் நிற்காதீர்கள். எத்தனையோ வீடுகளில் அந்த வாடைக்கு ஒரு பயம் ஒட்டியிருக்கிறது.

குளிர்

நம்மவர்களுக்கு இங்கே மிகப்பெரிய அபாயம் குளிர்தான். வெப்பநிலை மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் வரை இறங்குவது உண்டு. காற்று அதை இன்னும் கடுமையாக்கும். அக்டோபர் தொடக்கத்திலேயே பனிப்புயல் வரலாம். 2013 அக்டோபரில் வந்த புயலில் மேற்குத் தெற்கு டகோட்டாவில் பல்லாயிரம் மாடுகள் செத்தன. மழையோ உருகிய பனியோ பட்டால் மண்சாலைகள் களிமண் குழம்பாகிவிடும். உள்ளூரில் அதற்கு 'கம்போ' என்று பெயர். டயரில் ஒட்டி, சக்கரக் குழிக்குள் இறுகி, வண்டியை அசைய விடாது. அந்த நாட்களில் தார்ச்சாலையை விட்டு இறங்காமல் இருப்பதே வழி.

எரிபொருள் முள் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். வண்டியில் எப்போதும் இருக்க வேண்டியவை: தடித்த கம்பளி இரண்டு, மண்வாரி, சக்கரத்துக்கு அடியில் போட ஒரு மூட்டை மணல், பேட்டரி இணைப்புக் கம்பி, கைவிளக்கு, தண்ணீர், உலர்ந்த தின்பண்டம், சிகரெட் லைட்டரில் செருகும் கைபேசி மின்னேற்றி. பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. எனவே எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

புயலில் மாட்டிக்கொண்டால் வண்டியை விட்டு இறங்கி நடக்காதீர்கள். தெரிகிற வெளிச்சம் பக்கத்தில் இருப்பது போலத்தான் இருக்கும். அதை நம்பி நடந்தவர்கள் பத்தடியில் திசை தவறி உறைந்து போயிருக்கிறார்கள். முதலில் புகைக்குழாயின் வாயில் அடைத்த பனியை அகற்றுங்கள். இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதன்பின் மணிக்குப் பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டி, காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். மாலை மங்கும் நேரத்தில் மான் குறுக்கே பாயும். இரவில் குதிரையும் மாடும் சாலையில் நிற்கும். சாலையோரத்தில் 'சிந்தியுங்கள்' என்று எழுதிய பலகை தெரிந்தால் அங்கே விபத்தில் ஒருவர் இறந்திருக்கிறார் என்று பொருள். ஒரே வளைவில் இரண்டு மூன்று பலகைகள் நின்றால் வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

பள்ளிப் பேருந்து

இங்கே தன்னார்வலர்கள் வகுப்பெடுப்பதோடு பேருந்தும் ஓட்டி வந்திருக்கிறார்கள். வீடுகள் சிதறிக் கிடக்கும் நிலம் இது. ஓட்டுநர் இல்லையென்றால் அந்தத் தடத்துப் பிள்ளைகளுக்கு அன்று பள்ளியே இல்லை. உங்கள் பணியில் இது சேர்ந்திருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். சேர்ந்திருந்தால் சிடிஎல் என்னும் வணிக வாகன உரிமம் வேண்டும். அதோடு பயணிகள், பள்ளிப் பேருந்து என்று இரண்டு கூடுதல் அனுமதிகள். அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாதவர்களுக்கு இந்த உரிமம் கிடைப்பது கடினம்.

உடற்தகுதிச் சான்று, எழுத்துத் தேர்வு ஆகியவற்றுக்குப் பிறகு பழகுநர் உரிமம் தருவார்கள். பள்ளிக்காக ஓட்டத் தொடங்கும் முன் போதைப்பொருள் சோதனையும் உண்டு. பழகுநர் உரிமத்தைக் கையில் வாங்கி 14 நாட்கள் ஆன பின்தான் ஓட்டுத் தேர்வு. 2022 பிப்ரவரி முதல், பதிவுபெற்ற பயிற்சியாளரிடம் கற்றிருக்கவும் வேண்டும். தேர்வில் பலர் விழுவது ஓட்டுவதில் அல்ல, காற்று பிரேக் சோதனையில்தான். அதை இப்படிச் செய்ய வேண்டும்:

1. சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். காற்றழுத்தம் முழுதும் ஏறட்டும். பொதுவாக 120 முதல் 140 பிஎஸ்ஐக்குள் (பிஎஸ்ஐ என்பது அழுத்தத்தின் அலகு) கம்ப்ரஸர் தானாக நிற்கும்.
2. எஞ்சினை அணைத்து, சாவியை மீண்டும் 'ஆன்' நிலைக்குத் திருப்பி, நிறுத்து பிரேக்கை விடுவியுங்கள். ஒரு நிமிடத்தில் 2 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது.
3. பிரேக் மிதியை அழுத்திப் பிடித்தபடி இன்னொரு நிமிடம். இப்போது 3 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது.
4. மிதியை விட்டு விட்டு மிதித்துக் காற்றை இறக்குங்கள். 55 பிஎஸ்ஐக்குக் கீழே போகும் முன் எச்சரிக்கை விளக்கும் ஒலியும் வந்தாக வேண்டும்.
5. தொடர்ந்து மிதியுங்கள். 20 முதல் 45 பிஎஸ்ஐக்குள் நிறுத்து பிரேக்கின் மஞ்சள் குமிழ் தானாக வெளியே தெறிக்கும்.

வாய்விட்டு ஒவ்வொரு எண்ணையும் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். செய்து காட்டினாலும் எண்ணைச் சொல்லாதவரைத் தேர்வாளர் தோற்றவராகவே கணக்கிடுவார். மூன்றாவது படியில் மிதியை இரண்டு முறை அழுத்தினாலும் அழுத்தம் தப்பாகக் காட்டும், ஒரே அழுத்தாகப் பிடியுங்கள்.

குளிர்காலத்தில் முதல் நாள் இரவே எஞ்சின் சூடேற்றியின் மின்கம்பியைச் செருகிவிட்டு வர வேண்டும். மறந்தால் காலையில் டீசல் எஞ்சின் எழும்பாது. காலையில் பின்விளக்குகளின் மேல் படிந்த பனியைக் கையால் துடையுங்கள். பக்கவாட்டில் நீளும் 'ஸ்டாப்' பலகையும் அவசரக் கதவும் பனியில் ஒட்டிக்கொள்ளும், இரண்டையும் ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள். ஓட்டம் முடிந்ததும் கடைசி வரிசை வரை நடந்து போய் ஒவ்வொரு இருக்கையையும் அடியில் குனிந்து பார்ப்பது கட்டாயம். விடியும் முன் ஏறிய சிறுபிள்ளை இருக்கையில் சுருண்டு தூங்கிப்போவது சாதாரணம். மைனஸ் 20-இல் அந்தப் பிள்ளை பூட்டிய பேருந்தில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உறவுமுறை

வேறு ஊர்களிலிருந்து வரும் தன்னார்வலர்கள் திணறும் இந்த இடத்தில் தமிழர்களுக்குக் கை கொடுக்க ஒன்று இருக்கிறது. லகோட்டாவில் அப்பாவின் சகோதரரும் அப்பாதான், 'அத்தே' என்றே அழைப்பார்கள். அம்மாவின் சகோதரியும் அம்மா, 'இனா'. ஆனால் அம்மாவின் சகோதரருக்கு 'லெக்ஷி' என்றும் அப்பாவின் சகோதரிக்கு 'துன்வின்' என்றும் தனிச்சொற்கள். பெரியப்பா, சித்தி ஒருபுறம், மாமா, அத்தை மறுபுறம் என்று நாம் பிரிப்பதே போன்ற பிரிவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானுடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கன் வட அமெரிக்கப் பழங்குடிகளின் உறவுமுறைகளையும் தமிழ் உறவுமுறையையும் அருகருகே வைத்து ஆராய்ந்திருக்கிறார். ஆனால் மாமன் மகள், அத்தை மகன் என்று திருமண முறை மட்டும் இங்கே கிடையாது.

நடைமுறையில் இது இப்படி வரும். ஒரு பிள்ளை 'என் அப்பா கூட்டிப்போக வருவார்' என்று சொன்னால் அது பெற்ற தந்தையாக இல்லாமல் இருக்கலாம். பள்ளி ஆவணத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம் மட்டுமே அனுப்புங்கள், ஐயம் என்றால் அலுவலகத்தைக் கேளுங்கள். பெற்றோர் சந்திப்புக்குப் பாட்டி வந்தால் 'அம்மா வரவில்லையா' என்று கேட்காதீர்கள். பல பிள்ளைகளை வளர்ப்பதே பாட்டிகள்தான். 'உன்ச்சி' என்று மரியாதையோடு அழைத்து, நாற்காலி போட்டு, காபி கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

வகுப்பறை

கேள்வி கேட்டதும் பதில் வரவில்லை என்றால் அடுத்த பிள்ளைக்குத் தாவாதீர்கள். யோசித்துச் சொல்வதற்கு இடம் விடுவது இங்கே பண்பு. மனத்துக்குள் பத்து வரை எண்ணிப் பாருங்கள். பெரியவர் பேசும்போது கண்ணைத் தாழ்த்துவது மரியாதைக்காக. 'என்னைப் பார்த்துப் பேசு' என்று அதட்டினால் அந்தப் பிள்ளையை அதன் வளர்ப்புக்கு எதிராகத் தள்ளுகிறீர்கள். எல்லார் முன்னும் ஒருவரைத் தூக்கிவைத்துப் புகழ்வதும் சங்கடம்தான், தாளின் ஓரத்தில் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். கிண்டல் செய்கிறார்கள் என்றால் உங்களை ஏற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கிறார்கள், சிரித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுப்பாடத்துக்கு இணையம் வேண்டும் என்று வைக்காதீர்கள். வீட்டில் அது இல்லாமல் இருக்கலாம். ஒரே வீட்டில் மூன்று குடும்பங்கள் இருக்கும்போது படிக்க மேசையும் இருக்காது. பள்ளி நேரத்துக்குள்ளேயே எழுதி முடிக்கக் கால் மணி நேரம் ஒதுக்குவது பலன் தரும்.

லகோட்டா மொழி இங்கே பாடத்திட்டத்தின் நடுவில் இருக்கிறது. இந்தியானா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பள்ளி அதற்கென்றே பாடங்கள் உருவாக்கியது. அந்த மொழிக்கு எழுத்துமுறைகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. வெளியில் கற்றதைக் கரும்பலகையில் எழுதாமல், பள்ளியின் லகோட்டா ஆசிரியர் எழுதுவதைப் பார்த்து எழுதுங்கள். வணக்கம் சொல்ல ஆண்கள் 'ஹௌ' என்பார்கள், பெண்கள் 'ஹான்'. நன்றிக்கு 'பிலாமயாயே'.

பிள்ளையின் உடம்பிலோ பேச்சிலோ துன்புறுத்தலின் அடையாளம் தென்பட்டால் அதை அன்றே புகார் செய்ய வேண்டியது சட்டக் கடமை. நீங்களே விசாரிக்கப் போகாதீர்கள். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிடவும் கூடாது.

துக்கமும் வழிபாடும்

இறப்பு இங்கே அடிக்கடி நேர்கிறது, இளவயதிலும் நேர்கிறது. ஓர் இறப்பு என்றால் வழக்கமாக இரண்டு இரவு விழித்திருந்து, மறுநாள் அடக்கம். உடலைப் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்திலோ ஊர்க் கூடத்திலோ வைப்பார்கள். சுற்றிலும் நட்சத்திர வடிவம் தைத்த போர்வைகள் தொங்கும். வகுப்பில் பாதிப் பேர் வரமாட்டார்கள். அந்த வாரத் தேர்வைத் தயங்காமல் தள்ளிவையுங்கள். நீங்களும் போங்கள். வரிசையில் நின்று குடும்பத்தாரின் கையை மெதுவாகப் பற்றுங்கள், இறுக்கிக் குலுக்க வேண்டாம். பிறகு உட்காருங்கள். சாப்பாட்டுக்கு அழைப்பார்கள், மறுக்காதீர்கள். மாட்டிறைச்சிச் சூப், பொரித்த ரொட்டி, பழக்கூழ் 'வோஜாபி' இருக்கும். இறைச்சி சாப்பிடாதவர்கள் ரொட்டியும் வோஜாபியும் வாங்கிக்கொள்ளலாம். மீந்ததைக் கட்டிக்கொண்டு போவது, 'வத்தேச்சா', இங்கே வழக்கம். ஒரு மூடிப்பாத்திரம் கொண்டு போனால் சூப்பையும் வாங்கி உடன் தங்குபவருக்குக் கொடுத்துவிடலாம், சமைத்தவருக்கும் மனம் நிறையும்.

பள்ளி கத்தோலிக்கப் பள்ளி. மாணவர் எல்லாரும் கத்தோலிக்கர் அல்லர். சிலர் மரபு வழிபாட்டில் மட்டும் இருப்பவர்கள், சிலர் இரண்டிலும் வாழ்பவர்கள். 1950-இல் மறைந்த நிக்கோலஸ் பிளாக் எல்க் ஊரூராகப் போய் மறைக்கல்வி கற்பித்தவர். லகோட்டா சமய மரபில் ஆழ வேரூன்றியவரும் அவரே. அவருக்குப் புனிதர் பட்டம் தருவதற்கான பணியை ராபிட் சிட்டி மறைமாவட்டம் 2017-இல் தொடங்கியது. மதம் மாற்றும் எண்ணத்தோடு யாரும் இங்கே வர வேண்டாம்.

திருப்பலியிலோ கூட்டத்திலோ சேஜ் என்ற நறுமண மூலிகையின் புகை சுற்றி வந்தால், இரு கைகளாலும் புகையை அள்ளித் தலைமேலும் மார்பின் மேலும் தடவிக்கொள்வார்கள். ஆஸ்துமா இருந்தால் தலையசைத்துவிட்டு ஒதுங்கி நிற்பதில் தவறில்லை. கௌரவப் பாடல் பாடும்போது எழுந்து, தொப்பியைக் கழற்றுங்கள். 'வச்சீப்பி' நடனக் களத்தில் கழுகு இறகு விழுந்து கிடந்தால் கையால் தொடாதீர்கள், அருகில் நிற்கும் பெரியவரிடம் சொல்லுங்கள். அதற்கென்று சடங்கு உண்டு. வழியில் கிடந்த கழுகு இறகை எடுத்து வைத்துக்கொள்வதும் பழங்குடியில் பதிவாகாதவருக்குக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். கோடையில் நடக்கும் சூரிய நடனம் என்ற புனிதச் சடங்குக்கு அழைப்புக் கேட்காதீர்கள். அழைத்தால் கைபேசியை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

கூடைப்பந்து ஆட்டங்களைத் தவறவிடாதீர்கள். ஒவ்வொரு டிசம்பரிலும் ராபிட் சிட்டியில் நடக்கும் லகோட்டா நேஷன் இன்விடேஷனலுக்கு ஒதுக்கீட்டு நிலமே திரண்டு போகும். மொழிப் போட்டியும், எந்தக் கையில் ஒளித்திருக்கிறது என்று ஊகிக்கும் மரபுக் கைவிளையாட்டும்கூட அங்கே உண்டு. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளையின் தாத்தா, பார்வையாளர் வரிசையில் உங்களைப் பார்த்துத் தலையசைப்பார். ஆசிரியர் அறையில் கிடைக்காத அறிமுகம் அது.

கிளம்பும்போது

மார்ச்சிலேயே நிர்வாகத்திடம் அடுத்த ஆண்டு இருப்பீர்களா என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளிடம் மே மாதம் நேரில் சொல்லுங்கள், சொல்லாமல் நழுவிவிடாதீர்கள். 'அடுத்த வருஷம் பார்க்க வருவேன்' என்று பயணச்சீட்டு எடுக்காமல் சொல்லக் கூடாது. அடுத்து வருபவருக்கு ஒரு கோப்பு தயார் செய்யுங்கள்: எந்தப் பாடம் எதுவரை போனது, எந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொன்னால் புரிகிறது, பேருந்துத் தடத்தில் எந்த வீட்டுக்கு முன் திரும்ப இடமில்லை, எந்த நாய் சக்கரத்தடிக்கு ஓடி வரும். காரை விற்பதாக இருந்தால் உரிமைப் பத்திரத்தைப் பெயர் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போங்கள். தடித்த குளிர்க்கோட்டையும் பூட்ஸையும் தன்னார்வலர் விடுதியிலேயே விட்டுவிடுங்கள், ஆகஸ்டில் வருபவர் அவை இல்லாமல்தான் வருவார்.